மேற்பார்வையாளர் மேசைக்கு எந்தத் தொலைப்பேசி? நடுத்தர வகையைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய விளக்கம்

மேற்பார்வையாளருக்கு மேசைத் தொலைப்பேசி வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது ஓர் எண்தான்: "இது 4 லைன், அது 12 லைன்." 12 பெரியது, ஆகவே அதுவே நல்லது என்று வாங்கிவந்துவிடுகிறோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த 12-இல் ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருக்கும். மேற்பார்வையாளரோ எடைப்பாலத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க இன்னமும் மண்டோரின் கைப்பேசிக்கு அழைத்துக்கொண்டிருப்பார்.

பெட்டியில் அச்சடித்த அந்த எண் பொய்யில்லை. ஆனால் மேற்பார்வையாளரின் வேலைக்கு அது சம்பந்தமில்லாத எண். தெலுக் இந்தான், பாகான் செராய், சுங்கை சிப்புட் போன்ற பேராக் மாநிலத் தோட்டப்புற நகரங்களில் உள்ள செம்பனை ஆலை அலுவலகம், தோட்ட அலுவலகம், லோரிக் கம்பெனி, கிளினிக் போன்ற இடங்களை மனத்தில் வைத்து, எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எது எங்கே கெடும் என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

முதலில் சுவரைப் பாருங்கள்

தொலைப்பேசிகள் மூன்று குடும்பம். பழைய ஒற்றை லைன் தொலைப்பேசி இரண்டு கம்பியில் ஓடும். அதன் துளை சிறியது. இரண்டாவது, பல அலுவலகங்களில் இன்றும் இருக்கும் கீஃபோன். இதில் ஒரு நிறுவனத்தின் பெட்டியோடு அதே நிறுவனத்தின் கருவிதான் சேரும்; வேறெதையும் செருகிப் பயனில்லை. மூன்றாவது, ஐ.பி. தொலைப்பேசி. கணினிக்குப் போகும் அதே 8 கம்பி லேன் கேபிள்தான் இதற்கும். இது 'சிப்' என்ற பொது நெறிமுறையில் பேசுவதால், ஒரு நிறுவனத்தின் தொலைப்பேசி இன்னொரு நிறுவனத்தின் பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியோடும் (அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும் பெட்டி இது), இணையம் வழி வரும் பி.ஏ.பி.எக்ஸ். சேவையோடும் சேரும்.

அலுவலகத்தில் கீஃபோன் பெட்டி இன்னும் நன்றாக ஓடுகிறது என்றால் அதற்கே உரிய மேற்பார்வையாளர் கருவியை வாங்குங்கள், அதோடு வேலை முடிந்தது. இனி வருவதெல்லாம் ஐ.பி. தொலைப்பேசிக்கு.

ஐ.பி. வகையில் 'நடுத்தரம்' என்பது விலையை வைத்து மட்டும் சொல்வதில்லை. அடிமட்ட வகையில் திரை சிறியது, விளக்குள்ள பொத்தான் இரண்டுதான் இருக்கும். பின்புறத் துளைகள் பெரும்பாலும் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். உயர்வகையில் தொடுதிரை, கேமரா, காணொளி அழைப்பு எல்லாம் வரும். நடுத்தர வகை என்றால் திரையை ஒட்டி ஆறு முதல் பத்துப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் இரு நிற விளக்கு, பின்னால் இரண்டு கிகாபிட் துளைகள், அகல ஒலி, ஹெட்செட் வசதி. விலை சில நூறு வெள்ளிக்குள் அடங்கும். யேலிங்க் டி43யூ, கிராண்ட்ஸ்ட்ரீம் ஜிஎக்ஸ்பி2135, பாலி விவிஎக்ஸ் 350 ஆகியவற்றை இந்த வரிசைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

லைன் வேறு, பொத்தான் வேறு

12 லைன் என்பதன் பொருள், அந்தத் தொலைப்பேசி ஒரே நேரத்தில் 12 தனித்தனி எண்களாகப் பதிவு செய்துகொள்ள முடியும் என்பதே. இதைச் 'சிப் கணக்கு' என்பார்கள். ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை எண் வேண்டும்? 201 என்று ஓர் எக்ஸ்டென்ஷன் (அலுவலக உள் எண்) போதும். இரண்டு கம்பெனிகளின் வேலையைப் பார்ப்பவராக இருந்தால் இரண்டு. ஒரே கணக்கில் ஒருவரோடு பேசியபடியே இன்னொருவரைக் காத்திருக்க வைக்கலாம், மூன்றாவது அழைப்பையும் எடுக்கலாம். அதற்கெல்லாம் தனிக் கணக்கு தேவையில்லை. 4 கணக்குள்ள கருவியே தாராளம்.

மேற்பார்வையாளருக்கு வேண்டியது விளக்கு. ஒரு பொத்தானுக்கு ஸ்டோரின் எக்ஸ்டென்ஷனைக் கொடுத்துவிட்டால், ஸ்டோர் கிராணி பேசிக்கொண்டிருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா, அங்கே மணி அடித்தும் யாரும் எடுக்கவில்லையா என்பதை அந்தப் பொத்தானின் விளக்கே காட்டிவிடும். இதன் பெயர் பி.எல்.எஃப். யேலிங்க் கருவிகளில் வழக்கமான அமைப்பு இது: பச்சை நிலையாக எரிந்தால் ஆள் சும்மா இருக்கிறார், சிவப்பு வேகமாக மினுக்கினால் அங்கே மணி அடிக்கிறது, சிவப்பு நிலையாக எரிந்தால் பேசிக்கொண்டிருக்கிறார், விளக்கே இல்லையென்றால் அந்த எக்ஸ்டென்ஷனைப் பற்றிய தகவலே வரவில்லை. சிவப்பு மினுக்கும்போது அதே பொத்தானை அழுத்தினால் அங்கே அடிக்கும் அழைப்பை இங்கிருந்தே எடுக்கலாம்.

இதற்கு பி.ஏ.பி.எக்ஸ். ஒத்துழைக்க வேண்டும். நிலவரத்தைத் தொலைப்பேசி தானாகக் கண்டுபிடிப்பதில்லை; பி.ஏ.பி.எக்ஸ். சொல்லித்தான் அதற்குத் தெரியும். விளக்கு சரியாக எரிந்தும், அழுத்தினால் அழைப்பு வராமல் அந்த எக்ஸ்டென்ஷனுக்கே புதிதாக ஓர் அழைப்பு போகிறது என்றால், அழைப்பைப் பறிக்கும் குறியீட்டைத் தொலைப்பேசியில் நிரப்பாமல் விட்டிருப்பார்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் பெட்டியில் அது இரண்டு நட்சத்திரமும் எக்ஸ்டென்ஷன் எண்ணும். மற்றப் பெட்டிகளில் வேறாக இருக்கும்; பொருத்துபவரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போகுமுன், மேற்பார்வையாளர் ஒரு நாளில் யார் யாரைத் தேடுகிறார் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஆலை அலுவலகம் ஒன்றில் பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும்: எடைப்பாலம், சோதனைக்கூடம், ஸ்டோர், ஒர்க்ஷாப், காவல் சாவடி, பெரிய கிராணி, உதவி நிர்வாகி. ஆக 7. அதோடு, வந்த அழைப்பை நிறுத்திவைத்து யாரும் எங்கிருந்தும் எடுக்க வசதியாக 'பார்க்' பொத்தான் 2. மொத்தம் 9.

இப்போது கருவியைப் பாருங்கள். டி43யூ-வின் விளம்பரத்தில் 21 பொத்தான் என்று இருக்கும். உண்மையில் கையில் தட்டுப்படுவது 8 பொத்தான். அதில் ஒன்று பக்கம் புரட்ட. மீதி 7 பொத்தானும் மூன்று பக்கமாகப் பெருகி 21 ஆகிறது. இரண்டாம் பக்கத்தில் வைத்தவரின் விளக்கை அந்தப் பக்கத்துக்குப் போனால்தான் பார்க்க முடியும். ஆகவே எழுதிய 9-இல் கண்ணில் எப்போதும் பட வேண்டிய 7 எவை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எடைப்பாலமும் காவல் சாவடியும் முதல் பக்கத்தில். பெரிய கிராணி பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவரை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளலாம்.

எண்ணிக்கை 15-ஐத் தாண்டினால் இன்னும் பெரிய தொலைப்பேசியைத் தேட வேண்டாம். பக்கத்தில் சேர்க்கும் பொத்தான் பலகை தனியாகக் கிடைக்கும். டி43யூ-வுக்குரிய இஎக்ஸ்பி43-இல் 20 பொத்தான் உண்டு. ஆனால் எல்லா நடுத்தரக் கருவிக்கும் இப்படிப் பலகை சேராது. பிற்பாடு பிரிவு பெருகும் என்று தெரிந்தால் பலகை சேருமா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

பொத்தானுக்குப் பெயர் வைக்கும்போது ஆளின் பெயரை வைக்காதீர்கள், இடத்தின் பெயரை வையுங்கள். ஆள் மாறுவார், ஸ்டோர் மாறாது. மெனு மொழிகளில் தமிழ் வழக்கமாக இருப்பதில்லை. திரையில் தமிழ் எழுத்து வராமல் கட்டம் கட்டமாக வந்தால் ரோமன் எழுத்தில் எட்டு எழுத்துக்குள் சுருக்கிப் போடுங்கள். நீளமான பெயர் திரை ஓரத்தில் வெட்டுப்படும்.

மின்சாரம்: இங்கேதான் அதிகம் தவறுகிறது

பழைய செப்புக் கம்பித் தொலைப்பேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. தோட்டத்தில் கரண்ட் போனாலும் தொலைப்பேசி பேசும். ஐ.பி. தொலைப்பேசியும் ஃபைபர் இணைப்பும் அப்படி இல்லை. உங்கள் கட்டடத்தில் கரண்ட் போனால் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும்.

நடுத்தரத் தொலைப்பேசி பலவற்றின் பெட்டியில் மின் அடாப்டர் இருக்காது. லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் வரும் என்று எதிர்பார்த்துச் செய்திருப்பார்கள். அதற்குப் பெயர் பி.ஓ.இ. அதற்கேற்ற சுவிட்ச், அதாவது லேன் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி, இருக்க வேண்டும். இல்லையென்றால் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும். அலமாரியில் கிடக்கும் பழைய அடாப்டரின் முனை பொருந்துகிறதே என்று செருகிவிடக் கூடாது. 5 வோல்ட் கருவியும் உண்டு, 12 வோல்ட் கருவியும் உண்டு, முனையோ பார்க்க ஒன்றுபோல் இருக்கும். 5 வோல்ட் கருவியில் 12 வோல்ட்டைச் செருகினால் கருவி போய்விடும்.

பி.ஓ.இ. சுவிட்ச் வாங்கும்போது துளைகளை மட்டும் எண்ணாமல் வாட்டைக் கூட்டிப் பாருங்கள். 802.3ஏஎஃப் என்ற தரத்தில் ஒரு துளை அதிகபட்சம் 15.4 வாட் தரும். ஆனால் எட்டுத் துளைக்கும் சேர்த்து மொத்தம் 60 வாட் என்று சுவிட்சுக்கு ஒரு வரம்பு இருக்கலாம். மின் தேவையில் வகுப்பு 2 என்று குறித்த தொலைப்பேசிக்கு 7 வாட் என்று கணக்கு வைத்தால் 6 தொலைப்பேசிக்கு 42. அதே சுவிட்சில் இரண்டு பாதுகாப்புக் கேமரா இருக்கிறது, பகலில் தலைக்கு 5 வாட் என்றால் மொத்தம் 52, ஓடும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கேமரா 10 வாட் கேட்டால் மொத்தம் 62. வரம்பு தாண்டியதும் சுவிட்ச் ஏதாவது ஒரு துளையை அணைக்கும். பகலெல்லாம் நன்றாக இருந்த தொலைப்பேசி மாலை ஏழரைக்குப் பிறகு மட்டும் அணைகிறது என்று புகார் வந்தால், தொலைப்பேசியை மாற்றுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கூரைமேல் வைக்கும் சில வயர்லெஸ் கருவிகளோடு 24 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டி வரும். அதுவும் லேன் கேபிள் வழியாகத்தான் தருகிறது, ஆனால் மேலே சொன்ன தரத்தில் இல்லை. எதிரில் இருப்பது என்ன கருவி என்று கேட்காமலே மின்சாரத்தை அனுப்பும். அதில் தொலைப்பேசியைச் செருகாதீர்கள்.

யு.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும். சுவிட்ச், பி.ஏ.பி.எக்ஸ்., ரவுட்டர், ஃபைபர் பெட்டி ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். ஃபைபர் பெட்டி வேறு அறையில் சுவரோடு இருப்பதால் அதை மறந்துவிடுவதுதான் வழக்கம். அது அணைந்தால் மற்ற மூன்றும் எரிந்தும் வெளி அழைப்பு போகாது. சிறு யு.பி.எஸ்.ஸில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியின் கொள்ளளவு 84 வாட்-மணி. பாதிதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், 50 வாட் சுமைக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தாங்கும்.

தூரமும் இடியும்

செப்பு லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அலுவலகத்திலிருந்து எடைப்பாலத்துக்கு 80 மீட்டர் என்று கண்ணால் அளந்து கேபிளை இழுப்பார்கள். தூண் ஏறி இறங்கி, சுவர் சுற்றி வரும்போது 110 ஆகியிருக்கும். தொலைப்பேசி சில நாள் எழும், சில நாள் எழாது. இப்படிப்பட்ட கோளாறுதான் கண்டுபிடிக்க மிகவும் கடினம், ஏனென்றால் கருவியை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து சோதித்தால் நன்றாகவே ஓடும்.

தூரம் குறைவாக இருந்தாலும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்பு இழுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டு பருவமழைக்கும் இடையில், ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பர் வாக்கிலும், மாலை இடி நம் மேற்குக் கரையில் வழக்கமான விருந்தாளி. பக்கத்தில் மின்னல் விழுந்தால், திறந்தவெளியில் ஓடும் செப்புக் கம்பியில் மின்னழுத்தம் எகிறி, இரண்டு முனையிலும் உள்ள சுவிட்சையும் அதில் தொங்கும் தொலைப்பேசிகளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. இரு முனையிலும் ஃபைபரைச் செப்புக்கு மாற்றும் ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்து தொலைப்பேசிக்குச் சிறு செப்புக் கேபிள் போதும்.

ஒலி

பழைய தொலைப்பேசி ஒலி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். ஜி.722 என்ற அகல ஒலி 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். எடைப்பாலத்திலிருந்து லோரி எண்ணைச் சொல்லும்போது இதன் அருமை தெரியும். எண்ணின் முதலெழுத்து மாநிலத்தைக் காட்டும்; சிலாங்கூரும் பினாங்கும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'. கிளந்தானும் திரங்கானுவும் இரண்டுமே 'டி'. இன்ஜின் இரைச்சலில் குறுகிய ஒலியில் காதுக்கும் அப்படித்தான் கேட்கும். தப்பான எண்ணில் ரசீது போனால் குலைக்கணக்கே மாறிவிடும். அகல ஒலியில் அந்தத் தடுமாற்றம் குறையும்.

ஆனால் இரு முனையிலும் அகல ஒலி இருந்தால்தான் அது வரும். எடைப்பாலத்தில் மலிவான கருவியை வைத்துவிட்டு மேற்பார்வையாளருக்கு மட்டும் நல்லதை வாங்கினால் பயனில்லை. வெளியே சாதாரண லைன் வழியாகப் போகும் அழைப்பு எப்படியும் பழைய குறுகிய ஒலிக்கே இறங்கிவிடும்.

தொலைப்பேசியின் குற்றமில்லாத கோளாறுகள்

வழக்கமான ஜி.711 ஒலியில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட் போதும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் வெளியே பேசினாலும் அரை மெகாபிட்டைத் தொடாது. பிறகேன் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது? கேமரா படங்களும் கணக்குக் கோப்புகளும் மேலேறும்போது பதிவேற்ற வழி நிரம்பி, குரல் துணுக்குகள் வரிசையில் காத்து நிற்கின்றன. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் பெரும்பாலும் தீரும். குரல் ஒருவழி போய்ச்சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேசுபவர் தாமதத்தை உணரமாட்டார்.

இன்னும் இரண்டு அறிகுறிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த அழைப்பு சரியாக 32 நொடியில் அறுந்தால், அழைப்பு ஏற்கப்பட்டது என்பதற்கான உறுதிச் செய்தி எதிர்முனைக்குப் போய்ச்சேரவில்லை. அந்த 32 நொடி சிப் நெறிமுறையிலேயே உள்ள காத்திருப்பு நேரம். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பதும் இதன் உறவுக் கோளாறுதான். இரண்டுக்கும் முதலில் ரவுட்டருக்குள் 'சிப் ஏ.எல்.ஜி.' என்ற வசதியைத் தேடி அணைத்துப் பாருங்கள். உதவுவதற்காக வைத்த அந்த வசதி, முகவரிகளைத் தவறாக மாற்றி எழுதிக் குழப்புவதே அதிகம். மற்றொன்று: வெளியே அழைக்க முடிகிறது, ஆனால் பத்து நிமிடம் சும்மா இருந்தால் உள்ளே அழைப்பு வருவதில்லை. இணையம் வழி வரும் பி.ஏ.பி.எக்ஸ். சேவையில் இது அடிக்கடி நேரும். ரவுட்டர் வழியை மூடிவிடுகிறது. வழி திறந்தே இருக்கத் தொலைப்பேசி அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் 'கீப் அலைவ்' நேரத்தை 30 நொடியாக வையுங்கள்.

சுருக்கமாகச் சில

மேசையில் ஒரே லேன் துளை இருந்தால் கணினியைத் தொலைப்பேசியின் பின்னால்தான் செருகுவார்கள். தொலைப்பேசி 100 மெகாபிட் என்றால் கணினிக்கும் அவ்வளவுதான். கிகாபிட் கேட்பது இதற்காகவே.

ஹெட்செட் துளை ஒரே அளவில் இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செருகியும் குரல் போகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். யு.எஸ்.பி. துளை உள்ள கருவியில் இந்தத் தொல்லை குறைவு.

பணியாளர் பேசுவதைக் கேட்பது, நடுவில் நுழைவது, பதிவு செய்வது எல்லாம் பி.ஏ.பி.எக்ஸ். வேலை, தொலைப்பேசியில் தேட வேண்டாம். வாடிக்கையாளர் அழைப்பைப் பதிவு செய்தால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைத்து, பதிவாகிறது என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கும். ஆனால் முன்பு இருந்த சேவை நிறுவனத்தோடு பூட்டப்பட்ட கருவி, முழுவதும் அழித்தாலும் இணையத்தைத் தொட்டவுடன் அந்த நிறுவனத்தின் அமைப்பையே மறுபடி இறக்கிக்கொள்ளும். விற்பவர் எதிரிலேயே அழித்து, இணையத்தில் செருகி, மறுபடி எழுந்தபின் என்ன திரை வருகிறது என்று பார்த்துப் பணம் கொடுங்கள். புதிய கருவியில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். பி.ஏ.பி.எக்ஸ்.ஸில் 00 என்று தொடங்கும் வெளிநாட்டு அழைப்பைத் தேவையானவர்களுக்கு மட்டும் திறந்து மற்றவர்களுக்கு மூடிவிடுங்கள். கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தவர்கள் இரவோடு இரவாக வெளிநாட்டுக்கு அழைத்துப் பில்லை ஏற்றிவிடுவது உலகம் முழுக்க நடக்கும் திருட்டு.

பத்து வாங்குமுன் ஒன்று

ஒரே ஒரு கருவி வாங்கி, ஒரு வாரம் மேற்பார்வையாளர் மேசையில் வையுங்கள். முதல் நாள் எடைப்பாலத்துக்கு அழைத்து ஐந்து லோரி எண்களைப் படிக்கச் சொல்லி எழுதிச் சரிபாருங்கள். ஸ்டோருக்கு அழைப்பு விட்டு, விளக்கு மினுக்கும்போது இங்கிருந்து எடுத்துப் பாருங்கள். ஒரு கைப்பேசிக்கு அழைத்து 15 நிமிடம் பேசுங்கள். பாதியில் நிறுத்திவைத்து மறுபடி எடுங்கள். உதவி நிர்வாகிக்கு மாற்றிவிடுங்கள். காலைப் பெரட்டு முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் அரைமணி நேரத்தில் ஒருமுறை சோதியுங்கள், கேமரா விளக்கு எரிந்த பின் ஒருமுறை சோதியுங்கள்.

கடைசியாக, வேலை நேரம் முடிந்ததும் அலுவலகத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காவல் சாவடியில் இருக்கும் ஜாகாவுக்கும், பிறகு வெளியே ஒரு கைப்பேசிக்கும் அழையுங்கள். சாவடிக்கு மணி அடிக்காவிட்டால் அங்கேயும் ஒரு சிறு யு.பி.எஸ். தேவை, கைப்பேசிக்கு மட்டும் போகவில்லை என்றால் ஃபைபர் பெட்டியின் பிளக் எங்கே செருகியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். இரண்டும் அடித்தால் மற்ற ஒன்பதையும் வாங்கலாம்.